ஆனந்தகிருஷ்ணன்: பொருளும் கொடையும்



யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி ஒன்று உண்டு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது அது. கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் திரிந்த திரிபு. மாதம் முடியக் கைக்கு வரும் சம்பளம், முதுமையில் வீடு தேடி வரும் ஓய்வூதியம், இவ்விரண்டையும் வாழ்வின் இரு கரைகளாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் மனப்போக்கை இப்பழமொழி நன்கு எடுத்துக்காட்டுகிறது. வாணிகம் செய்வோரைச் சற்றே ஐயத்துடன் நோக்குவதும், இலிகிதர் உத்தியோகம் பெற்ற இளைஞனைத் தேடிச்சென்று பெண் கொடுப்பதும் இம்மனப்போக்கின் விளைவுகளே.

இத்தகைய சமுதாயத்தின் வழியில் வந்த ஒருவர், கோறணமேந்து உத்தியோகத்தைப் பற்றிக்கொண்டு நில்லாது, எண்ணெய் வாணிகத்தில் இறங்கி, வானத்தில் செய்மதிகளை நிறுத்தி, ஒரு நாட்டின் இல்லங்கள்தோறும் தொலைக்காட்சியைக் கொண்டு சேர்த்து, ஆசியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராய் உயர்ந்து, 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆந் தேதி, தமது 86-ஆவது வயதில் மறைந்தார். அவர் பெயர் தத்பரானந்தம் ஆனந்தகிருஷ்ணன். அவர் மறைந்த செய்தி வந்தபோது, யாழ்ப்பாணத்திலும், யாழ்ப்பாணத்தார் குடியேறிய பிற தேசங்களிலும், 'இவர் நம்மவர்' என்ற பேச்சு எழுந்தது. நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இருக்கலாம். ஆயின், அவர் வாழ்வு நமக்கு எதைக் கற்பிக்கின்றது, அவர் ஈட்டிய பொருளையும் ஈந்த கொடையையும் எந்த அளவுகோலால் அளப்பது என்பவற்றை ஆராய்வதே அப்பெருமையினும் பயனுள்ளது. இப்பேச்சின் நோக்கமும் அதுவே.

ஆனந்தகிருஷ்ணனின் வாழ்வை அறிவதற்கு முன், யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குச் சென்ற வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்களது உயர்கல்விச் சாலை தோன்றியது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலை தோன்றியது. 1848-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒரு சாரார் மதம் பரப்பக் கல்வி தந்தனர். மற்றொரு சாரார் மதம் காக்கக் கல்வி தந்தனர். போட்டியின் பயன் மக்களுக்கே கிடைத்தது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அச்சிறிய குடாநாடு, கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைத்த மண், ஆங்கிலம் கற்ற இளைஞர்களை ஆண்டுதோறும் விளைவிக்கலாயிற்று. அவர்கள் அனைவருக்கும் உத்தியோகம் தருவதற்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இடமில்லை.

அவ்வேளையிலேதான் மலாயா நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து துறைமுகங்களுக்குப் புகையிரதப் பாதைகள் அமைக்கப்பட்டன. தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்குச் சென்ற முதற்பாதை 1885-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரும் கிள்ளானும் இணைக்கப்பட்டன. பாதை போட்டாயிற்று, கணக்கெழுதவும், நிலம் அளக்கவும், நிலையங்களை நடத்தவும் ஆட்கள் வேண்டுமே! இலங்கையில் பணிபுரிந்து அங்கு மாற்றலாகிச் சென்ற ஆங்கில அதிகாரிகள் யாழ்ப்பாணத்து இளைஞரின் திறனை நன்கு அறிந்திருந்தனர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிலிருந்து சிலாங்கூருக்குச் சென்று, பின்னர் மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியின் தலைவரான ஸ்பூனர் என்பார் அவர்களுள் ஒருவர். இவர்கள் அழைத்தார்கள், நம்மவர் கப்பலேறினர். நிலைய அதிபர், நில அளவையாளர், இலிகிதர், மருத்துவ உதவியாளர், ஆசிரியர் என்று மலாயாவின் அரசாங்க அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் நிறைந்தன.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலே, புகையிரதப் பணியாளர் குடியிருப்புகளை ஒட்டி, யாழ்ப்பாணத்தின் சிறு நிழல் ஒன்று உருவாயிற்று. கந்தசுவாமி கோவில் எழுந்தது. 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சொற்பொழிவாற்றிய எழுச்சி கடல் கடந்தும் சென்றது போலும்; 1904-இல் இலங்கைத் தமிழர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்தர் பெயரால் ஓர் ஆச்சிரமத்தை நிறுவினர். அதனைச் சார்ந்து தமிழ்ப் பாடசாலையும் தோன்றியது.

இங்ஙனம் சென்றவர்கள் தாய்நாட்டை மறந்தாரல்லர். மலாயாவிலிருந்து மாதந்தோறும் வந்த மணியோடர்களால் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கல்வீடுகள் எழுந்தன. அடகு வைத்த காணிகள் மீண்டன. தங்கையர்க்குச் சீதனம் சேர்ந்தது. இளைப்பாறித் திரும்பியவர்களை ஊரார் 'சிங்கப்பூர் பென்சன்காரர்' என்று அழைத்தனர். குடையும் கோட்டுமாக அவர்கள் வீதியில் நடந்து வரும் காட்சியை முதியோர் பலர் நினைவில் வைத்திருந்து சொல்லக் கேட்டிருக்கிறோம். கோவில் கோபுரத்துக்கு ஒரு பங்கு, ஊர்ப் பாடசாலைக்கு ஒரு மண்டபம், தெருமுனையில் ஒரு தண்ணீர்ப் பந்தர், வாசகசாலைக்கு ஓர் அலுமாரி என்பன அவர்கள் கொடைகள். கொடுத்தவர் பெயர் சுவரில் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். கொடுத்தது இன்னார், பெற்றது இன்ன ஊர் என்பது வெளிப்படை. யாழ்ப்பாணத்தாரின் மனத்தில் 'தர்மம்' என்றால் தோன்றும் வடிவம் இன்றளவும் இதுவேயாகும். இதனை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டு வருவோம்.

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் தேதி, மேற்கூறிய பிரிக்ஃபீல்ட்ஸில், யாழ்ப்பாணத்து மரபினரான அரசாங்க ஊழியர் ஒருவரின் குடும்பத்தில் ஆனந்தகிருஷ்ணன் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிரம்பியிருந்த வேளையில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். அவர்கள் நீங்கியபோது அவருக்கு ஏழு வயது. விவேகானந்தா தமிழ்ப் பாடசாலையில் தொடக்கக் கல்வி. பின்னர், 1893-இல் நிறுவப்பட்டதும் கோலாலம்பூரில் பெயர்பெற்றதுமான விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் ஆங்கிலக் கல்வி. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிந்த இக்கல்விப் பாதை, அக்காலத்து யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனின் பாதையினின்றும் சிறிதும் வேறுபட்டதன்று.

1950-ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பு மாநகரில் பொதுநலவாய நாடுகளின் அமைச்சர்கள் கூடி, ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கென ஒரு திட்டம் வகுத்தனர். கொழும்புத் திட்டம் என்பது அதன் பெயர். அத்திட்டத்தின் கீழ்ப் புலமைப்பரிசில் பெற்று, ஆனந்தகிருஷ்ணன் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழகம் சென்று அரசியல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். மூதாதையர் விட்டு வந்த தீவின் தலைநகரது பெயரைத் தாங்கிய உதவியாலே அவர் உலகைக் காணப் புறப்பட்டார் என்பது வரலாற்றின் இனிய பொருத்தங்களுள் ஒன்று. அதன்பின் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் பயின்று 1964-இல் முதுமாணிப் பட்டம் பெற்றார்.

பிறர் பொருளால், பொதுப் பொருளால் கற்றவர் இவர். பிற்காலத்தில் இவர் கொடைகளின் பெரும்பகுதி கல்வியை நோக்கியே சென்றதற்கு இதனை ஒரு காரணமாகக் கொள்வதில் தவறில்லை.

கற்றுத் திரும்பியவர் பழமொழியின் சொற்படி அரசாங்க நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். ஆனால் அவர் ஆலோசனைத் தொழிலிலும் எண்ணெய் வாணிகத்திலும் இறங்கினார். எழுபதுகளில் உலகெங்கும் எண்ணெயின் விலை ஏறிய காலம் அது. மலேசிய அரசு 1974-இல் பெற்ரோனாஸ் என்னும் தேசிய எண்ணெய் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அதன் நெறியாளர் குழுவிலும், பின்னர் நாட்டின் மத்திய வங்கியின் நெறியாளர் குழுவிலும் ஆனந்தகிருஷ்ணன் இடம்பெற்றார். அரசாங்கத்தின் ஊழியராக அன்றி, அரசாங்கம் ஆலோசனை கேட்கும் வணிகராக அவர் அமர்ந்தார். பழமொழி தலைகீழாயிற்று.

1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆந் தேதி உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் குறிக்கத்தக்க நாள். எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு உதவும் பொருட்டு, பொப் கெல்டொஃப் என்னும் அயர்லாந்து நாட்டு இசைக்கலைஞரின் முயற்சியால், இலண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் மாபெரும் இசைநிகழ்ச்சிகள் நடைபெற்றன. லைவ் எய்ட் என்று பெயர் பெற்ற அந்நிகழ்ச்சி செய்மதிகளின் வழியே உலக நாடுகள் பலவற்றில் ஒரே வேளையில் காட்டப்பட்டது. அதனை ஒழுங்கு செய்வதில் முன்னின்று உதவியவர்களுள் ஆனந்தகிருஷ்ணனும் ஒருவர். மேடையில் பாடியவர்களின் பெயரை உலகம் அறிந்தது. திரைக்குப் பின்னே நின்ற மலேசியத் தமிழரின் பெயரைச் சிலரே அறிந்தனர். அவர் விரும்பியதும் அதுவே. எங்கோ ஒரு மூலையில் பசித்திருக்கும் குழந்தையின் முகத்தை, மற்றொரு மூலையில் உணவுண்டு அமர்ந்திருப்பவன் முன் கொண்டுவந்து நிறுத்தும் வல்லமை செய்மதிக்கு உண்டு என்பதை அன்று உலகம் கண்டது. அவரும் கண்டிருப்பார்.

அதன்பின் அவர் பெயரோடு இணைந்த பெரும்பணி கோலாலம்பூர் நகரின் நடுவே அமைந்தது. அம்பாங் வீதியில் சிலாங்கூர் குதிரைப்பந்தயக் கழகத்துக்குச் சொந்தமாயிருந்த ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் புதிய நகர மையம் ஒன்றை அமைக்கும் திட்டத்தை அவர் முன்வைத்து முன்னெடுத்தார். அந்நிலத்திலேதான் 452 மீற்றர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட பெற்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. 1998 முதல் 2004 வரை உலகின் மிக உயர்ந்த கட்டிடங்களாய் அவை விளங்கின. குதிரைகள் ஓடிய புற்றரை, ஒரு நாட்டின் அடையாளமாக மாறியது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம்.

1996-ஆம் ஆண்டு ஜனவரியில், தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து மீசாட்-1 என்னும் செய்மதி விண்ணில் ஏவப்பட்டது. அது மலேசியாவின் முதற் செய்மதி. அதன் உரிமை ஆனந்தகிருஷ்ணனின் நிறுவனத்துடையது. அவ்வாண்டின் இறுதிக்குள் இரண்டாவது செய்மதியும் சென்றது. பூமத்தியரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றும் செய்மதி கீழிருந்து பார்ப்போருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆகவே வீட்டுக் கூரையில் பொருத்திய சிறு தட்டு ஒன்றை அத்திசையில் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் போதும். மலையோ காடோ குறுக்கே நிற்பதில்லை. தட்டு சிறிதாக, ஏறத்தாழ இரண்டடி விட்டமுடையதாக இருக்க வேண்டுமாயின் உயர்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துதல் வேண்டும். அவ்வலைகளைக் கடுமழை விழுங்கிவிடும் என்பது பொறியியலாளர் அஞ்சிய இடர். மலேசியாவோ மழை நாடு. ஆகையால் செய்மதியின் ஆற்றலை அதற்கேற்பக் கூட்டி அமைத்தார்கள். பெருமழை கொட்டும் வேளையில் படம் சற்றே மறையும். மழை தணிந்ததும் மீளும். அவ்வாண்டிலேயே அஸ்ட்ரோ என்னும் தொலைக்காட்சிச் சேவை ஒளிபரப்பைத் தொடங்கியது. 2012-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 30 இலட்சம் இல்லங்கள் அதன் சந்தாதாரர்களாயின. அஃதாவது நாட்டின் இல்லங்களில் ஏறக்குறையப் பாதி.

தமிழர் நோக்கில் இதன் சிறப்பு வேறு. அதற்கு முன் மலேசியத் தமிழர்க்கு அரசாங்கத் தொலைக்காட்சியில் நாளுக்குச் சிறிது நேரமே தமிழ் ஒலித்தது. அஸ்ட்ரோ வந்தபின் வானவில் என்னும் தமிழ் அலைவரிசை நாள் முழுதும் ஒலிக்கலாயிற்று. ராகா என்னும் தமிழ் வானொலியும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இறப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளியின் மகள் செய்தி வாசிப்பாளராகவும், நகர்ப்புற அடுக்குமாடியில் வளர்ந்த இளைஞன் நாடக இயக்குநராகவும் ஆவதற்கு வழி பிறந்தது. சிறுபான்மையினரின் மொழி ஒன்று சந்தையிலே விலை பெறும் மொழி என்று ஒரு வணிகர் கணக்கிட்டுக் கண்டதனால் விளைந்த நன்மை அது. அறம் என்று பெயரிட்டு அவர் அதைச் செய்யவில்லை. ஆயினும் அறத்தின் பயன் அதில் இருந்தது.

நேயர்களே, அதே 1996-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இருந்த நிலை என்ன? முந்திய ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் தேதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுச் செம்மணி வெளியைக் கடந்து சென்றனர். திரும்பி வந்தவர்கள் கூரையற்ற வீடுகளைக் கண்டனர். 1990 முதலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த சிக்கன விளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்தனர். வானொலிப் பெட்டிக்கு மின்கலம் கிடைக்கவில்லை. ஆகவே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் மற்றவர்கள் செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். மூதாதையர் ஒரே மண்ணைச் சேர்ந்தவர். வழித்தோன்றல்களுள் ஒருவர் வானத்தில் செய்மதி நிறுத்துகிறார், மற்றவர்கள் வாசலில் சைக்கிள் மிதிக்கிறார்கள். காலத்தின் கோலத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் காட்சி வேறில்லை.

செல்வத்தைச் சொன்னோம், கொடையைச் சொல்லுதல் வேண்டும். ஆனந்தகிருஷ்ணன் பேட்டி அளிப்பதையும் விழா மேடையில் தோன்றுவதையும் வாழ்நாள் முழுதும் தவிர்த்தவர். ஆகையால் அவர் கொடையும் பெரும்பாலும் அவர் பெயரால் அன்றி அவர் நிறுவனங்களின் பெயரால் நடைபெற்றது. அஸ்ட்ரோ நிறுவனம் நாடெங்கிலுமுள்ள 10,000-க்கு மேற்பட்ட பாடசாலைகளுக்குச் செய்மதித் தட்டும் கல்வி அலைவரிசைகளும் கிடைக்க வழிசெய்தது. மலாய்ப் பாடசாலை, சீனப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்ற வேறுபாடு அதில் இல்லை. போர்ணியோவின் உட்காடுகளில் பாடசாலைக்கு வர மணிக்கணக்கில் நடக்கும் பிள்ளைகளுக்கு விடுதிகள் கட்டிக் கொடுத்தது. அவரது தொலைபேசி நிறுவனமான மெக்சிஸ் 2002 முதல் கிராமப்புற மாணவர்க்குக் கணினிப் பயிற்சி முகாம்கள் நடத்தியது. 2005 முதல் சிறந்த மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கியது. 2016-இல் இணையவழி இலவச வகுப்புகளைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் புலமைப்பரிசிலால் உயர்ந்த ஒருவரின் நிறுவனங்கள் மற்றோரைப் புலமைப்பரிசிலால் உயர்த்தின.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. நிறுவனத்தின் பெயரால் செய்யும் கொடை கொடையாகுமா, அன்றி விளம்பரத்தின் வேறு வடிவமா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான விடை. நிறுவனத்துக்கு நற்பெயர் வேண்டும்; அதற்காகவும் கொடுக்கிறது. ஆயினும் காட்டு நடுவே விடுதியில் உறங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இவ்வாராய்ச்சி தேவையில்லை. அப்பிள்ளைக்கு வேண்டியது கூரை.

பெரியார் ஒருவரைப் பற்றிப் பேசுங்கால் நிறைகளை மாத்திரம் அடுக்குவது வரலாறு ஆகாது. ஆனந்தகிருஷ்ணன் வாழ்விலும் ஐயத்துக்கிடமான பகுதிகள் உள. அவர் தொழில்களுள் ஒன்று எண் ஊகப் பந்தயம். பின்னர் அத்தொழில் அவர் குழுமத்தை விட்டு நீங்கியதாயினும், செல்வத்தின் அடித்தளத்தில் ஏழையின் பந்தயப் பணமும் கலந்திருந்தது என்ற குறை நீங்கவில்லை. 1981 முதல் 2003 வரை மலேசியாவின் பிரதமராயிருந்த மகாதீரின் நம்பிக்கை அவருக்குப் பெருந்துணையாயிற்று. செய்மதித் தொலைக்காட்சியை நடத்தும் தனியுரிமை அஸ்ட்ரோவுக்கு 2017 வரை இருந்தது. போட்டியின்றி வளர்ந்த மரம் எவ்வளவு உயர்ந்தாலும், அந்நிழலில் வேறு செடி வளர இடமில்லாது போயிற்று என்று குறைகூறியவர் உண்டு. அக்குறையைப் புறந்தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டைச் சார்ந்த வழக்கும் ஒன்று உண்டு. 2006-இல் மெக்சிஸ் நிறுவனம் சென்னையைச் சேர்ந்த ஏர்செல் தொலைபேசி நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. அவ்விற்பனையில் முறைகேடு நிகழ்ந்தது என இந்தியப் புலனாய்வுத் துறை 2014-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனந்தகிருஷ்ணனின் பெயரும் அதில் இருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2017-ஆம் ஆண்டு பெப்ரவரியில் டில்லிச் சிறப்பு நீதிமன்றம் இந்தியாவிலிருந்த எதிரிகளை விடுவித்தது. மலேசியாவிலிருந்தவர்கள் அந்நீதிமன்றத்தின் முன் தோன்றவில்லை. 2018-இல் ஏர்செல் வங்குரோத்து நிலையை அடைந்தது; முதலீடு செய்த பெரும்பொருள் கரைந்தது. நீதிமன்றம் எதனையும் அவர்மீது நிறுவவில்லை. ஆயினும் அவ்வழக்கின் நிழல் அவர் இறுதிக் காலத்தின்மேல் படிந்திருந்தது.

இலங்கையோடு அவருக்கு நேரடித் தொடர்பு ஏற்பட்டது 2008-இல் ஆகும். அவ்வாண்டில் அவரது குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று, ஜப்பானிய நிறுவனம் வைத்திருந்த பங்குகளையும் பிறவற்றையும் வாங்கி, ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தில் ஏறத்தாழ 45 வீதப் பங்கினைப் பெற்றது. அடுத்த ஆண்டு போர் முடிவுற்றது. போர் தின்ற வடபுலத்தில் தொலைபேசிக் கம்பிகள் மீண்டும் இழுக்கப்பட்டன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியிருந்த பிள்ளைகளின் குரல் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் வீடுகளை வந்தடைந்தது. அந்நிறுவனத்தின் ஏறக்குறைய அரைப்பங்கு உரிமை, பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாண மரபினர் ஒருவரின் குழுமத்திடம் இருந்தது என்பதை அக்குரல்களைக் கேட்டவர் பலரும் அறிந்திரார். சலவைக்கல்லில் பெயர் பொறிக்காத தொடர்பு அது. அது தர்மம் அன்று, வாணிகம். எனினும் அது இணைத்தது.

ஒன்று மாத்திரம் எஞ்சியுள்ளது; அவர் வாழ்வின் மிகவும் உருக்கமான பகுதி அதுவே. ஆனந்தகிருஷ்ணனுக்கு மகன் ஒருவர். இத்துணைப் பெருஞ்செல்வத்துக்கும் இயல்பான உரிமையாளர். அம்மகன் தமது 18-ஆவது வயதில் பௌத்தத் துறவு மேற்கொண்டார். சிரிபஞ்ஞோ என்னும் துறவுப் பெயருடன், தாய்லாந்தின் எல்லைப்புறக் காட்டிலுள்ள மடமொன்றின் தலைவராக, பிட்சைப் பாத்திரம் ஏந்தி வாழ்கிறார். தந்தை கோபுரம் எழுப்பினார். மகன் கூரையற்ற வெளியைத் தேர்ந்தார். தந்தை உலகின் காட்சிகளையெல்லாம் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். மகன் கண்களை மூடி அமர்ந்தார். தந்தை மகனைத் தடுத்தாரல்லர்.

தமிழர்க்கு இது புதிய கதையன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் பட்டினத்தார் துறந்த கதையை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்திலும், இரணைமடுவில் அரசாங்கக் களஞ்சியக் காப்பாளராயிருந்த ஒருவர் அவ்வுத்தியோகத்தை உதறிவிட்டுக் கொழும்புத்துறையில் சிறு குடிசையில் அமர்ந்து, யோகர் சுவாமி என ஊர் போற்ற வாழ்ந்தார். கோறணமேந்து உத்தியோகத்தின் பெருமை பேசிய அதே யாழ்ப்பாணம், அதனை உதறியவரின் காலடியில் சென்று அமர்ந்தது. பொருளைத் தேடு என்று சொன்ன அதே வாய், பொருளால் நிறைவதில்லை என்றும் சொன்னது. இவ்விரு குரல்களும் ஆனந்தகிருஷ்ணன் குடும்பத்திலே தந்தையாகவும் மகனாகவும் வந்து நின்றன.

ஆகவே, 'இவர் நம்மவர்' என்ற பேச்சுக்கு மீளுவோம். அவர் பிறந்தது மலேசியா, உழைத்தது மலேசியா, அவர் ஈந்தவற்றின் பெரும்பகுதி சென்றதும் மலேசியப் பிள்ளைகளுக்கே. அதுவே முறையும் ஆகும். சிங்கப்பூர் பென்சன்காரரின் கொடையைப்போல் ஊர்ப்பெயர் சொல்லி வந்து சேரவில்லையே என்று யாழ்ப்பாணத்தார் குறைபட வேண்டியதில்லை. பென்சன்காரர் தம் ஊரை நினைத்துக் கொடுத்தார். அவர் பேரப்பிள்ளையின் காலத்தில் ஊர் பெரிதாகிவிட்டது. எத்தியோப்பியாவின் பசித்த குழந்தையும் போர்ணியோவின் காட்டுப் பிள்ளையும் அவ்வூரின் எல்லைக்குள் வந்துவிட்டனர். யாழ்ப்பாணம் அவருக்குத் தந்தது நிலமன்று, பணமன்று. கல்வியே முதல் என்ற ஒரு பழக்கத்தைத் தந்தது. அப்பழக்கத்தை அவர் வேறு மண்ணில் விதைத்தார்.

ஆயினும் ஊரை நினைக்கும் பழைய கொடை பயனற்றுப் போயிற்று என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1921-இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நின்ற வளவே 1974 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாயிற்று. ஒருவர் ஓரிடத்தில் ஊன்றிய கொடை அரை நூற்றாண்டு கழித்து ஒரு பல்கலைக்கழகத்தைத் தாங்கியது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் தத்தம் கல்லூரிக்கு மண்டபமும் விளையாட்டரங்கும் அமைக்கின்றன. நன்று. ஆனால் பெயர்பெற்ற கல்லூரிக்கு மூன்றாவது மண்டபம் எழும்போது, பழைய மாணவர் சங்கம் இல்லாத தீவகத்துச் சிறு பாடசாலைக்கும், வன்னிக் காட்டோரப் பாடசாலைக்கும் ஓர் ஆசிரியர் விடுதி இல்லாதிருக்கிறது. தம் பாடசாலை எது என்று கேளாது பதினாயிரம் பாடசாலைகளுக்குத் தட்டு வைத்த முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுவே.

பொருளை ஈட்டிய வழியில் குறை காண்போர் காணட்டும்; அது அவர் தம் உரிமை. கொடுத்த கையின் பெயர் சுவரில் இல்லை என்று வருந்துவோரும் வருந்தட்டும். பாடசாலை முடிந்த மாலைப்பொழுதில், எங்கோ ஒரு கிராமத்தில், அறியாத ஒருவர் வைத்துச் சென்ற தட்டின் வழியே வானத்திலிருந்து இறங்கிய பாடத்தை ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால், அவளுக்கு அவர் பெயர் தெரியாதது ஒரு குறையன்று.